நடமாட்டம் குறைந்த அப்பாவின் பாதத்தில் காரணம் தெரியாத கொப்புளங்கள்: என்னவாக இருக்கும்?

மன்னார்குடி_மகள் எழுதியது:

அப்பாவுக்கு 79 வயது. பக்கவாதத்துக்குப் பிறகு வலது கையும் காலும் பலவீனம். ஆள் பிடித்துக்கொண்டால் கழிவறைவரை நடப்பார். மற்றபடி பகலெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி, இரவில் கட்டில். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் நெடுநாளாக உண்டு.

சில வாரங்களாகப் பாதத்தில் நீர்க்கொப்புளங்கள் வருகின்றன. இரவு படுக்கும்போது ஒன்றும் இருக்காது, காலையில் பார்த்தால் விறைப்பாக எழும்பி நிற்கும். உள்ளே தெளிந்த நீர். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார். ஒரு மருத்துவர், சர்க்கரை உள்ளவர்களுக்கு இப்படித்தான் வரும் என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார். இன்னொருவர் செருப்பு கடித்திருக்கும் என்றார். அப்பா வீட்டுக்குள் செருப்பே போடுவதில்லை. யாரிடம் காட்டுவது, என்ன சோதனை கேட்பது என்று தெரியவில்லை.


ஓய்வுபெற்ற_செவிலி எழுதியது:

அம்மா, முதலில் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். கொப்புளம் சரியாக எங்கே? குதிகாலின் பின்புறமா, கணுக்கால் எலும்பின் மேலா, பாதத்தின் மேற்புறமா, விரலிடுக்கிலா? வலது காலில் மட்டுமா, இரண்டிலுமா? நாற்காலியில் இருக்கும்போது கால் தரையில் படுகிறதா, தொங்குகிறதா? படுக்கும்போது எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பார்? மாலையில் கால் வீங்குகிறதா?

அப்புறம், அவரைப் பார்த்துக்கொள்பவர் வெந்நீரில் கால் வைப்பது, ஒத்தடம் கொடுப்பது, தைலம் தேய்ப்பது என்று எதையாவது செய்கிறாரா? குற்றம் சாட்டுகிற தொனியில் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். காலுக்கு இதமாக என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். பணியில் இருந்த காலத்தில் "காரணம் தெரியாத கொப்புளம்" என்று எழுதப்பட்டு வந்த பலருக்குக் காரணம் கட்டிலிலேயே கிடந்தது: வெந்நீர்ப் பை. சர்க்கரையால் பாதத்தில் உணர்வு மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது. வலிக்கவில்லை என்று அவர் சொல்வதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது.


கரூர்_ராசு எழுதியது:

எங்கள் ஊரில் இதை அக்கி என்போம். குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காவி மண் குழைத்து எழுதினால் இறங்கிவிடும். எருக்கிலையை வாட்டிக் கட்டினாலும் நீர் வற்றும்.


திருச்சி_சேகர் எழுதியது:

ராசு அண்ணா, அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில்தான் வரும். ஒரே நரம்பின் தடத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பும். எரிச்சலும் குத்தலும் முன்னாலேயே வந்துவிடும். இவர் சொல்வது அப்படி இல்லை. எருக்கம்பால் பட்டால் நல்ல தோலே வெந்துபோகும். உணர்வில்லாத பாதத்தில் அதைக் கட்டச் சொல்லாதீர்கள்.


கரூர்_ராசு எழுதியது:

எருக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் தம்பி. காவி மண்ணால் யாருக்கும் கெடுதல் வந்து நான் பார்த்ததில்லை.


ஓய்வுபெற்ற_செவிலி எழுதியது:

தோல் உடையாதவரை வராது ஐயா. கொப்புளம் உடைந்த இடத்தில் மண் படக்கூடாது.


மருந்துக்கடை_முருகேசன் எழுதியது:

இன்னும் யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். அப்பா சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தின் பெயரையும் எழுதுங்கள். விற்பனைப் பெயர் வேண்டாம், அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர் வேண்டும். கூடவே, எது எப்போதிலிருந்து என்பதும். கடைசி இரண்டு ஆண்டுகளில் புதிதாகச் சேர்த்தது எது?


மன்னார்குடி_மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கேட்டவற்றுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

இரண்டு பாதங்களிலும் வருகிறது. பெரும்பாலும் பாதத்தின் மேற்புறம், உள்வளைவு, கணுக்காலுக்குச் சற்று மேலே. வலது குதிகாலில் ஒன்று மட்டும் தனியாக இருக்கிறது, அதில் நீர் கருஞ்சிவப்பாகத் தெரிகிறது. மாலையில் இரண்டு கால்களும் வீங்கும், வலது கால் கூடுதலாக. ஒத்தடம் இல்லை, வெந்நீர் இல்லை. உதவிக்கு வரும் அக்கா தேங்காய் எண்ணெய் மட்டும் தடவுகிறார்.

மாத்திரைகள்: ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின், ரத்தம் உறையாமலிருக்கக் குளோபிடோகிரெல், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின், சர்க்கரைக்கு வில்டாகிளிப்டினும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒன்று. கடைசியாகச் சொன்னது போன வருடம் மாற்றிக் கொடுத்தது. மற்றவை பழையவை.


அடையாறு_வாசகன் எழுதியது:

கால் வீக்கமும் அம்லோடிபினும் சேர்ந்தால் எனக்கு என் அம்மாவின் நினைவுதான் வருகிறது. அவருக்கும் இதே போல் தெளிந்த நீருடன் விறைத்த கொப்புளங்கள் வந்தன. பல மருத்துவர்கள், பல களிம்புகள். கடைசியில் ஒரு முதியோர் நல மருத்துவர் காலை விரலால் அழுத்தினார், குழி விழுந்தது. இரவில் எங்கே தூங்குகிறார் என்று கேட்டார். முதுகுவலி என்று அம்மா அப்போது இரவிலும் சாய்வு நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். இருபத்து நான்கு மணி நேரமும் கால் தொங்கினால் நீர் எங்கே போகும்? தோல் தாங்கும் அளவைத் தாண்டி வீக்கம் வேகமாக ஏறும்போது தோலுக்குள் நீர் பிரிந்து கொப்புளமாக எழும்புகிறது என்று விளக்கினார். இதயம், சிறுநீரகம், ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவு ஆகியவற்றைச் சோதித்துவிட்டு, அம்லோடிபினை மாற்றி, கட்டிலில் காலை உயர்த்திப் படுக்கச் சொன்னார். வீக்கம் இறங்கியதும் கொப்புளமும் நின்றது. தோலுக்கென்று எந்த மருந்தும் தரவில்லை.

உங்கள் அப்பாவுக்கும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.


தோல்_மருத்துவன் எழுதியது:

நான் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் தோல் பிரிவில் இருக்கிறேன். நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் சூட்ட மாட்டேன். ஆனால் இந்த இழையில் வந்திருக்கும் தகவல்களை எப்படி அடுக்குவேன் என்று சொல்ல முடியும்.

அடையாறு நண்பர் சொன்னது மிகச் சரியான சாத்தியம். வீக்கத்தால் வரும் கொப்புளம் வீக்கம் உள்ள இடத்தில்தான் வரும். முழங்காலுக்கு மேலே வருவது அரிது. அரிப்பு முக்கியமாக இருக்காது.

அழுத்தத்தால் வருவது எலும்பு முட்டும் இடத்தில் வரும்: குதிகால், வெளிக்கணுக்கால், சுண்டுவிரல் பக்கம். அந்தக் குதிகால் கொப்புளத்தில் நீர் கருஞ்சிவப்பாக இருப்பதால் அதை மற்றவற்றோடு ஒரே கணக்கில் வைக்காதீர்கள். ஒரே காலில் இரண்டு வியாதிகள் இருக்கக்கூடாது என்று சட்டம் இல்லை.

சர்க்கரை நோயில் மட்டுமே வரும் கொப்புளம் என்றும் ஒன்று உண்டு. 1930இல் கிராமர் என்பவர் முதலில் எழுதினார், 1967இல் அதற்கு புல்லோசிஸ் டயபெட்டிகோரம் என்று பெயர் வைத்தார்கள். ஓர் இரவில் தோன்றும், வலி இருக்காது, சுற்றிலும் சிவப்பு இருக்காது, இரண்டு முதல் ஆறு வாரங்களில் தானாக ஆறும். உங்கள் முதல் மருத்துவர் இதைத்தான் நினைத்திருக்கிறார். அப்படியே இருந்தாலும், தொற்று இல்லாத கொப்புளத்துக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை.

நான்காவது புல்லஸ் பெம்பிகாய்டு. எழுபது வயதுக்கு மேல் கூடுதலாக வரும் நோய். மேல்தோலை அடித்தோலோடு இணைக்கும் புரதங்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குவதால் அந்த இடத்தில் தோல் பிரிந்து நீர் கோத்துக்கொள்கிறது. பிரிவு ஆழத்தில் என்பதால் கொப்புளம் எளிதில் உடையாமல் விறைத்து நிற்கும். பக்கவாதம், பார்க்கின்சன், மறதி நோய் உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது. முருகேசன் அவர்கள் எதற்காக மாத்திரைப் பட்டியல் கேட்டார் என்பது எனக்குப் புரிகிறது: கிளிப்டின் வகைச் சர்க்கரை மாத்திரைகளுக்கும், அவற்றிலும் குறிப்பாக வில்டாகிளிப்டினுக்கும், இந்த நோயோடு தொடர்பு உண்டு. பின்லாந்து, பிரான்ஸ், ஜப்பான் நாடுகளின் ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன. மாத்திரை தொடங்கிப் பல மாதங்கள், சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேல் கழித்துத்தான் கொப்புளம் வரும். அதனால் யாருக்கும் மாத்திரை மேல் சந்தேகம் வருவதில்லை.

ஒரே ஒரு கேள்வி: அப்பாவுக்கு உடம்பில் எங்காவது அரிப்பு உண்டா? கொப்புளம் வருவதற்கு முன்பிருந்தே?


கோவை_சர்க்கரை_மருத்துவர் எழுதியது:

சக மருத்துவர் மேல் மரியாதை வைத்தே சொல்கிறேன். இணையத்தில் "கிளிப்டினால் கொப்புளம்" என்று படித்துவிட்டு மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டு வருகிறவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் மிக மிகச் சிலருக்கே பெம்பிகாய்டு வருகிறது. வயதானவருக்குச் சர்க்கரை தாழாமல் கட்டுப்படுத்த இது நல்ல மருந்து. கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்பே இல்லை, வலி இல்லை, நெடுநாள் சர்க்கரை, பாதத்தில் மட்டும் என்றால் சர்க்கரைக் கொப்புளமே முதல் சாத்தியம். பாதத்தில் 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையை வைத்து உணர்வைச் சோதியுங்கள். கணுக்கால் ரத்த அழுத்தத்தையும் கையின் ரத்த அழுத்தத்தையும் ஒப்பிட்டு ரத்த ஓட்டத்தைப் பாருங்கள். அதைப் பார்க்காமல் வீக்கத்துக்கு என்று யாரும் இறுக்கமான கட்டுப்போட்டுவிடக்கூடாது. ரத்த ஓட்டம் குறைந்த காலில் அந்தக் கட்டு விரலையே பறித்துவிடும்.


தோல்_மருத்துவன் எழுதியது:

மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது என்பதிலும், கட்டு விஷயத்திலும் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். சிவப்பு விஷயத்தில் மட்டும் இல்லை. கிளிப்டினோடு வரும் பெம்பிகாய்டில் ஒரு பகுதியினருக்குச் சிவப்பும் தடிப்பும் மிகக் குறைவாகவே இருக்கும் என்பதை ஜப்பானிய மருத்துவர்கள் கவனித்து எழுதியிருக்கிறார்கள். அதாவது பார்வைக்குச் சர்க்கரைக் கொப்புளம் போலவே இருக்கும். போதாததற்கு, பாடப்புத்தகத்துச் சிவப்பு வெள்ளைத் தோலில் எடுத்த படம். நம் நிறத்தில் சிவப்பு மங்கலான கருமையாகத்தான் தெரியும், பல நேரம் தெரியவே தெரியாது. கண்ணால் மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாத இடம் இது.


மன்னார்குடி_மகள் எழுதியது:

அரிப்பு பற்றிக் கேட்டதும் அப்பாவின் சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். முதுகிலும் தொடையிலும் கீறல் தழும்புகள். இடது கை எட்டுகிற இடமெல்லாம் சொறிந்திருக்கிறார். தீபாவளிக்கு முன்பிருந்தே அரிக்கிறது என்கிறார். வயதானால் தோல் வறளும் என்று எல்லோரும் சொன்னதால்தான் எண்ணெய் தடவத் தொடங்கினார்கள். இடது தொடையின் உள்பக்கத்தில் புதிதாக ஒரு கொப்புளமும் இருக்கிறது. வாயில் புண் இல்லை. வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு இல்லை.

குதிகாலில் இருந்தது இப்போது ஊதா கலந்த கறுப்பாகி, தொட்டால் மெத்தென்று இருக்கிறது.


ஓய்வுபெற்ற_செவிலி எழுதியது:

வீட்டில் மற்றவர்களுக்கு அரிப்பு இல்லை என்று சொன்னது நல்லதாயிற்று. முதியவர்களுக்குச் சொறிசிரங்கும் சில நேரம் கொப்புளமாக வரும். விரலிடுக்கையும் இடுப்பையும் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

குதிகாலுக்கு வருகிறேன். தொடையில் வந்திருப்பது என்ன நோயோ, தோல் மருத்துவர் கண்டுபிடிக்கட்டும். குதிகாலில் இருப்பது அழுத்தப் புண். ஊதாவாகி மெத்தென்று ஆனால் உள்ளே ஆழத்தில் சதை நசுங்கியிருக்கிறது என்று பொருள். இன்றிரவே செய்ய வேண்டியது: கெண்டைக்கால் முழுவதற்கும் அடியில் நீளவாக்கில் தலையணை வையுங்கள், குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் இருக்க வேண்டும். விரிப்புக்கும் குதிகாலுக்கும் நடுவே உங்கள் கை தாராளமாக நுழைய வேண்டும். கணுக்காலுக்கு மட்டும் முட்டுக்கொடுத்தால் அழுத்தம் அங்கே ஏறிக்கொள்ளும். சும்மாடு போல வளையம் செய்து குதிகாலை அதில் வைக்கிறார்கள், அது வேண்டவே வேண்டாம். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். குதிகாலைத் தேய்த்தும் விடாதீர்கள். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். நாற்காலியில் நகர்ந்து முன்னால் சரிந்தால் குதிகால்தான் தரையில் உரசும், அதையும் கவனியுங்கள்.

எந்தக் கொப்புளத்தையும் வீட்டில் ஊசியால் குத்த வேண்டாம். உடைந்ததை உப்புநீரில் கழுவி, ஒட்டாத வகைத் துணியை வைத்துத் தளர்வாகச் சுற்றுங்கள். பிளாஸ்திரி தோலில் நேரடியாக ஒட்டக்கூடாது, எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும்.

காய்ச்சல், துர்நாற்றம், கறுப்பு வேகமாகப் பரவுவது, கால் ஜில்லென்று ஆவது, திடீரென்று கடும் வலி, குழப்பமாகப் பேசுவது: இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் இந்த இழையில் எழுதிக்கொண்டிருக்காமல் அப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.


கோவை_சர்க்கரை_மருத்துவர் எழுதியது:

மாதக்கணக்கான அரிப்பு, தொடையிலும் கொப்புளம். அப்படியானால் சர்க்கரைக் கொப்புளம் என் பட்டியலில் கீழே இறங்கிவிட்டது. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை மாற்றுவது அதே நாளில் உங்கள் சர்க்கரை மருத்துவரோடு பேசி நடக்க வேண்டும், இடைவெளி விடக்கூடாது.


தோல்_மருத்துவன் எழுதியது:

பயாப்சி செய்வார்கள், அதாவது தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, தெரிந்துகொண்டு போங்கள். இரண்டு துண்டுகள் எடுக்க வேண்டும். புதிதாக வந்த கொப்புளத்தின் ஓரத்திலிருந்து ஒன்று, அது ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போகும். இன்னொன்று கொப்புளத்துக்கு அருகே உள்ள நல்ல தோல், அது தோலில் படிந்திருக்கும் எதிர்ப்பொருளை ஒளிரவைத்துக் காட்டும் நேரடி இம்யூனோஃபுளோரசன்ஸ் சோதனைக்கு. இதை ஃபார்மலினில் போட்டால் சோதனையே வீண். மைக்கேல் திரவத்தில் அனுப்ப வேண்டும். அது கிடைக்காவிட்டால் சலைனில் போட்டு மறுநாளுக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடலாம். சிறிய ஊர்களில் ஒரே துண்டை எடுத்து ஃபார்மலினில் போட்டு, "உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்று அறிக்கை வாங்கி வருகிறவர்கள் நிறைய.

துண்டைப் பாதத்திலிருந்து எடுக்க வேண்டாம் என்று கேளுங்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தால் சோதனை பொய்யாக இல்லை என்று காட்டும் வாய்ப்பு கூடுதல். சர்க்கரைக்காரரின் பாதத்தில் அந்தக் காயம் ஆறுவதும் கடினம். தொடைக் கொப்புளம் வந்திருக்கிறதே, அதையே பயன்படுத்தலாம். குளோபிடோகிரெல் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். சிறிய துண்டுக்கு அதை நிறுத்த வேண்டிய தேவை பொதுவாக இல்லை. நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

இந்த நோயில் தாக்கப்படும் பிபி 180 என்ற தோல் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளை ரத்தத்தில் பார்க்கும் சோதனையும் உண்டு. பயாப்சி முடியாத நிலையில் அது பெரிய உதவி.


திருச்சி_சேகர் எழுதியது:

நடக்க முடியாதவரை அழைத்துக்கொண்டு அலைவதுதான் பெரும்பாடு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே செவிலியும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள். புண்ணுக்குக் கட்டுப்போடவும் புரட்டிப் படுக்க வைக்கக் கற்றுக்கொடுக்கவும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள். பயாப்சிக்கு மட்டும் ஒருமுறை மருத்துவக் கல்லூரிக்குப் போய்வந்தால் போதும்.


மன்னார்குடி_மகள் எழுதியது:

தாமதமாக எழுதுவதற்கு மன்னியுங்கள். மருத்துவக் கல்லூரியில் தொடையிலிருந்து இரண்டு துண்டுகளாகவே எடுத்தார்கள். நான் கேட்பதற்கு முன்பே அந்த இளம் மருத்துவர் இரண்டு குப்பிகளை மேசையில் வைத்திருந்தார். தோலின் அடிச்சவ்வு நெடுக ஐஜிஜி, சி3 என்ற எதிர்ப்புச் சக்திப் புரதங்கள் கோடாகப் படிந்திருக்கின்றன என்று அறிக்கை வந்திருக்கிறது. புல்லஸ் பெம்பிகாய்டுதான்.

வில்டாகிளிப்டினை நிறுத்திவிட்டார்கள். மெட்ஃபார்மினைத் தொடர்ந்து, கூடவே இன்சுலின் சிறிய அளவில். உடம்பு முழுவதும் தடவ குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு களிம்பு, கூடவே அழற்சியை அடக்கவும் பயன்படும் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை. அம்லோடிபினையும் மாற்றியிருக்கிறார்கள், வீக்கம் பாதியாகக் குறைந்தது. குதிகால் கறுப்பாகவே காய்ந்து நிற்கிறது. அதைக் கிளறாமல் அந்தரத்தில் வைத்திருக்கச் சொன்னார்கள். புதிய கொப்புளம் இந்த வாரம் வரவில்லை. அரிப்பு நின்றதால் அப்பா இரவில் தூங்குகிறார்.

இரண்டு சந்தேகங்கள். ஸ்டீராய்டு களிம்பை இவ்வளவு தடவலாமா? மாத்திரையாகவே கொடுத்தால் வேகமாகக் குணமாகாதா என்று அண்ணன் கேட்கிறார்.


தோல்_மருத்துவன் எழுதியது:

அண்ணனின் கேள்வி நியாயமானது. 2002இல் பிரான்சில் இதையே நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். நோய் பரவலாக இருந்தவர்களில் களிம்பு தடவியவர்களில் ஓராண்டு முடிவில் 76 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்களில் 58 சதவீதம். கொப்புளத்தை அடக்குவதிலும் களிம்பு பின்தங்கவில்லை. 2017இல் வெளியான பிரிட்டன், ஜெர்மனி ஆய்வில் டாக்சிசைக்ளின் ஸ்டீராய்டு மாத்திரையைவிடச் சற்றுக் குறைவாகவே வேலை செய்தது, ஆனால் கடுமையான பக்கவிளைவு பாதியளவுதான். 79 வயது, சர்க்கரை, ஆறாத குதிகால் புண் என்று இருப்பவருக்கு உங்கள் மருத்துவர் தேர்ந்தெடுத்த வழி எனக்குச் சரியாகவே படுகிறது.

களிம்பும் தோல் வழியாக உள்ளே போகும், சர்க்கரையை ஏற்றலாம். அதனால் காலையிலும் மாலை உணவுக்கு முன்பும் சர்க்கரை பாருங்கள். தடவுகிற அக்கா கையுறை போட்டுக்கொள்ளட்டும். குதிகால் புண்ணின் மேல் தடவ வேண்டாம். அளவைக் குறைப்பதை மருத்துவர் சொல்லும் வேகத்தில் செய்யுங்கள். கொப்புளம் நின்றுவிட்டது என்று பாதியில் விட்டால் திரும்ப வரும். வில்டாகிளிப்டினை நிறுத்தியதால் மட்டும் எல்லோருக்கும் அடங்கிவிடுவதில்லை, மாதக்கணக்கில் ஆகலாம்.


மருந்துக்கடை_முருகேசன் எழுதியது:

என் பங்குக்கு இரண்டு வார்த்தை. களிம்பு வாங்கும்போது குளோபெட்டசால் மட்டும் உள்ளதா என்று பாருங்கள். பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த களிம்பைச் சில கடைகளில் அதே பெயரின் சாயலில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

மற்றது கிளிப்டின். 2019 டிசம்பரில் வில்டாகிளிப்டினின் காப்புரிமை முடிந்ததும் ஏராளமான நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் கொண்டுவந்துவிட்டன. 2022இல் சிட்டாகிளிப்டினும் அப்படியே. எல்லாவற்றிலும் மெட்ஃபார்மின் கலந்த வகையும் உண்டு. நாளைக்கு வேறு ஒரு மருத்துவர் பழைய சீட்டைப் பார்த்து எழுதினாலோ, கடையில் அதற்கு மாற்று என்று கொடுத்தாலோ அட்டையின் பெயரை வைத்து உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அப்பாவின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் "கிளிப்டின் வகை எதுவும் கொடுக்க வேண்டாம், புல்லஸ் பெம்பிகாய்டு" என்று சிவப்பு மையில் எழுதி, பயாப்சி அறிக்கையின் நகலை அதோடு பின் செய்துவையுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டைகளை இன்றே எடுத்து அப்புறப்படுத்துங்கள். உதவிக்கு வரும் அக்கா பழைய வழக்கப்படி இரவு மாத்திரைப் பெட்டியில் அதைப் போட்டுவிடலாம்.


மன்னார்குடி_மகள் எழுதியது:

பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு அட்டை முழுதாக இருந்தது. எடுத்துவிட்டேன்.